சைவச் சமையல் புத்தகம் வாங்கும் முன் கீரைப் பக்கத்தைப் புரட்டுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது ஒரு புத்தகத்தின் பெயர். தினமும் சமைக்க ஏற்ற, எளிமையான, உடம்புக்கு நல்ல சைவச் சமையல் புத்தகம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்களே எழுதியிருப்பதைச் சேர்த்துப் படித்தால் விஷயம் கொஞ்சம் வேறு. ஓசூரில் உங்களுக்கும் மனைவிக்கும் வேலை. உங்களுக்கு ஷிப்ட் வேறு மாறிக்கொண்டே இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து அப்பா அம்மா வந்து கூடவே இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. யூடியூப் பார்த்துச் செய்தால் பாதிப் பொருள் வீட்டில் இருப்பதில்லை, அம்மாவுக்கு ருசி பிடிப்பதில்லை. அதாவது, இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து எட்டரைக்குள் நான்கு பேருக்கும் ஒத்துவருகிற ஒரே சாப்பாட்டை எப்படிச் செய்வது, அதை எந்தப் புத்தகம் சொல்லித்தரும் என்பதுதான் நீங்கள் கேட்டது. அதற்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மனையியல் படித்து, அப்புறம் உணவியல் படித்து, தருமபுரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தேழு வருடம் "என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம்" என்று சொல்வதையே வேலையாகச் செய்தவள். சமையல் புத்தகம் எனக்கு ஒரு பலவீனம். பீரோவில் புடவைக்குக் கீழ்த்தட்டு முழுக்க அவைதான். அதனால் படிப்பில் உறுதியாகத் தெரிந்தது எது, அடுப்படியில் பழகித் தெரிந்தது எது, வெறும் என் விருப்பம் எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் ஓர் அச்சடித்த உணவு அட்டவணை இருக்கும். காலை ஓட்ஸ் கஞ்சி, பதினொரு மணிக்கு வெள்ளரி சாலட், இரவு இரண்டு சப்பாத்தி. சர்க்கரை என்று வருகிற எல்லோருக்கும் அதே தாள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதை மகனிடம் கொடுத்து முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல களி எங்கம்மா வருது?" என்றார். வரவில்லை. அந்தத் தாளை எழுதியவர் களியைப் பார்த்திருக்கவே மாட்டார். அந்த அம்மா வீட்டுக்குப் போய் அந்தத் தாளை என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து எந்தச் சமையல் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, அந்த வீட்டு அடுப்பில் ஏற்கனவே வேகிற உணவுக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் அது எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் மூன்றாம் வாரம் அலமாரிக்குப் போய்விடும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். தமிழில் சைவச் சமையலை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றும் முதல் வரிசையில்தான் இருக்கிறது. முதல் பாகம் 1951இல் வந்தது. அடுப்புப் பக்கமே போகாத ஒருவர் படித்தாலும் புரியும்படி, எதற்கு அடுத்து எதைச் செய்வது என்று வரிசையாகச் சொல்லும் எழுத்து. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். ஒன்று, நாட்டுக்கு மெட்ரிக் அளவு வருவதற்கு முந்தைய நூல் அது. பழைய பதிப்பு கைக்குக் கிடைத்தால் ஆழாக்குக் கணக்கு வரும். ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி என்று அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இரண்டு, அது பிராமண வீட்டுச் சமையல். பூண்டு தட்டிப் போட்டுக் கடைகிற நம் பக்கத்துக் கீரையை அதில் தேடாதீர்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், துவையல் இந்த ஐந்துக்கும் அடிப்படை அதில் கிடைக்கும், அதுவே பெரிது. அடுத்தது மல்லிகா பத்ரிநாத்தின் சின்னச் சின்ன நூல்கள். குழம்பு என்றால் குழம்பு, சாத வகை என்றால் சாத வகை என்று ஒரு நூலுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்வார். அளவு தெளிவாக இருக்கும், மிக்ஸியும் குக்கரும் இருக்கிற வீட்டை நினைத்து எழுதியவை. உங்கள் மனைவிக்கு இது உடனே கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ரேவதி சண்முகத்தின் நூல்களும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வது போல இருக்கும். ஆனால் எந்த ஆசிரியரானாலும் பதிப்புக்குப் பதிப்பு, நூலுக்கு நூல் வித்தியாசம் உண்டு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல், கடையில் நின்றபடியே புத்தகத்தைச் சோதிக்கச் சொல்லித்தருகிறேன். பெயரைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

நடுப்பக்க வண்ணப் படங்களைத் தாண்டி நேராகக் கீரைக்குப் போங்கள். கீரைக்கு ஒன்றிரண்டு பக்கம்கூட ஒதுக்காமல் பனீருக்கு முப்பது பக்கம் கொடுத்திருந்தால் அது விருந்தாளி வரும் நாளுக்கான புத்தகம். கீரை இருந்தால் அடுத்து எண்ணெயைப் பாருங்கள். இங்கே உறுதியான கணக்கு ஒன்று இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து என்று இருக்கிறது. ஏறத்தாழ ஆறு டீஸ்பூன். இப்போது புத்தகத்தில் நான்கு பேருக்கான ஒரு கத்தரிக்காய்க் குழம்புக்கு ‘எண்ணெய் அரை கப்’ என்று போட்டிருந்தால், அது 120 மில்லி, எடையில் சுமார் 110 கிராம். தலைக்கு 27 கிராம். நாள் முழுவதற்குமான எண்ணெய் அந்த ஒரு குழம்பிலேயே முடிந்துபோகிறது. தோசைக்கும் தாளிப்புக்கும் ஒன்றும் மிச்சமில்லை. ‘ஹெல்தி’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே இந்தக் கணக்கு வைத்திருக்கிற புத்தகங்களை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். வீட்டிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் எண்ணெய் செலவானால் சரி. உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். அப்படியென்றால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் நான்கு பேர் வீட்டில் ஐம்பது நாளாவது வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகத்தில் இருக்கிற உப்பு இதற்கு மேலே வருவதால் இன்னும் நீண்ட நாள் வந்தால்தான் நல்லது. பாக்கெட் பிரிக்கிற தேதியை அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்த எந்த அட்டவணையைவிடவும் இது நன்றாக வேலை செய்திருக்கிறது.

எத்தனை பேருக்கு என்று எழுதாத செய்முறையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘கத்தரிக்காய் 5’ என்று போட்டால் எந்தக் கத்தரிக்காய்? அதே வழிகாட்டியில் காய்கறியும் கீரையுமாக நாளைக்கு 400 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் என்று இருக்கிறது. நான்கு பேர் வீட்டில் 340 கிராம் பருப்பு வகை. நம் வீடுகளில் சாம்பாருக்கு ஒரு கை துவரம்பருப்பு அள்ளிப் போடுகிறோமே, அதை ஒருநாள் எடை போட்டுப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டாது. சைவ வீட்டில் குறைவது முதலில் இதுதான். எனவே கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை இவற்றைத் தினசரிக் குழம்பாகவும் சுண்டலாகவும் சொல்கிற புத்தகமா என்று பாருங்கள்.

இன்னொன்று, நேரம். ‘பத்தே நிமிடத்தில்’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே முதல் வரியில் ‘வேகவைத்த பருப்பு ஒரு கப், அரைத்த தேங்காய் விழுது அரை கப்’ என்று இருக்கும். அந்தப் பருப்பை யார் வேகவைத்தார்கள்?

பருப்பு வேகிற பேச்சு வந்ததால் என் சொந்தக் கதை ஒன்று. கல்யாணமான வருடம், புத்தகம் மூன்று விசில் என்றது. எங்கள் போர் தண்ணீரில் ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு முத்து முத்தாகத் தனியே நின்றது. எனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் பருப்பின் தோலும் சதையும் சீக்கிரம் இளகாது, காரணம் அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர் நிலத்தடி நீர் அப்படிப்பட்டது, பல இடங்களில் ஃபுளோரைடும் அதிகம். ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீடுகளில் அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளாமல் உலைக்கும் அதையே ஊற்றச் சொல்வேன். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். சோடா உப்பு போடாதீர்கள். சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் என்கிற வைட்டமின் அழிந்துபோகும். ஆக, புத்தகத்தில் இருக்கிற விசில் எண்ணிக்கை அதை எழுதியவர் வீட்டுத் தண்ணீருக்கானது. அதைத் திருத்திக்கொள்ள வேண்டியது நாம்தான்.

சிறுதானியப் புத்தகங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்காக நீங்கள் அதைத்தான் முதலில் வாங்கப் போகிறீர்கள். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து கடைகளில் அவை குவிந்து கிடக்கின்றன. நிறையப் புத்தகங்களில் வேலை ரொம்பச் சுலபமாக நடந்திருக்கிறது: பழைய செய்முறையில் ‘அரிசி’யை அடித்துவிட்டு ‘சாமை’ என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் அளவும் நேரமும் மாறவில்லை. சாமை, நெல்லரிசியைவிடச் சீக்கிரம் வேகும், கவனிக்காமல் விட்டால் குழைந்து கூழாகிவிடும். ஒரு நல்ல சோதனை, களிப் பக்கத்தைப் பார்ப்பது. ‘கொதிக்கும் நீரில் மாவைத் தூவிக் கைவிடாமல் கிளறவும்’ என்று இருந்தால், எழுதியவர் நம் பக்கத்துக் களியைக் கிண்டியதில்லை. உங்கள் அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று டம்ளர் தண்ணீரில் கால் டம்ளர் அரிசி நொய் முதலில் வேகும். நொய் மலர்ந்ததும் ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவார். கிளற மாட்டார். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி போட்டுவிட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுவார். அந்தக் குழி வழியாகக் கொதி மேலேறி மாவு உள்ளேயே வேகும். பத்து நிமிடம் கழித்துத்தான் துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டுவார். கட்டி விழாது. கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். இந்தக் குழியைச் சொல்லியிருக்கிற புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், எனக்கும் ஒரு பிரதி.

இப்போது உடம்புக்கு நல்லது என்கிற பகுதி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உறுதி. 2017இல் வந்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணைப்படி 100 கிராமில் 364 மில்லிகிராம், பாலைப்போல மூன்று மடங்கு. ஆனால் தானியத்தில் இயல்பாகவே இருக்கிற ஃபைடேட் என்கிற பொருள் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் உடம்பில் சேராமல் கொஞ்சம் தடுக்கும். முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை குறையும். கொள்ளில் புரதம் 22 சதவீதத்தை ஒட்டி, துவரம்பருப்புக்கு இளைத்ததல்ல, விலையும் குறைவு. கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். இவையெல்லாம் சந்தேகமில்லாதவை. ‘களி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்’ என்பது அப்படியல்ல. கேழ்வரகும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் களி கிண்டி இரண்டு பெரிய உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறும், சோற்றுக்கு ஏறுவதுபோல. ஒரு சாத்துக்குடி அளவு உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசல் என்று வைத்தால் நன்றாக இருக்கும். சாமையிலும் பளபளவென்று வெள்ளையாகத் தீட்டியதை வாங்கினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போயிருக்கும். கொஞ்சம் மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சாமை விளைகிற சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். ‘இந்த உணவு இந்த நோயைக் குணப்படுத்தும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிற புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

எங்கே தேடுவது? முதலில் நூலகம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நூலகத்தில் சமையல் அடுக்கைக் கேளுங்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் அடுக்கியிருந்தால் 641.5 என்ற எண்ணின் கீழ் இருக்கும். வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு வாரத்தில் நான்கு குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுத்து வாங்குங்கள். ஓசூரிலும் தருமபுரியிலும் நடக்கிற புத்தகத் திருவிழாக்களில் நின்று புரட்டிப் பார்க்க நேரம் கிடைக்கும். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் போங்கள். ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அது சமையல் புத்தகம் அல்ல, ஆனால் அளவுக்கு அதுதான் ஆதாரம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் சிறுதானியப் பண்டங்கள் செய்வதற்கான பயிற்சி எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்வதும் வீண்போகாது.

புத்தகம் வாங்கிய பிறகு அதில் இருக்கிற முந்நூறையும் செய்யப் பார்க்காதீர்கள். முந்நூறு வகை என்று போட்டிருந்தாலும் உண்மையில் நாற்பது செய்முறைகள்தான் இருக்கும், மீதி காய் மாறுவது. உங்களுக்கு இரவு நேரத்துக்கு ஒரே ஒரு முறை போதும்: கடைசல். ஒரு டம்ளர் துவரம்பருப்பு, நான்கு தக்காளி, ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், எல்லாவற்றையும் குக்கரில் ஏற்றி இறக்கி, உப்புப் போட்டு மத்தால் கடைந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகும் சீரகமும் தாளித்தால் தக்காளிக் கடைசல். தக்காளியைக் குறைத்து இரண்டு கட்டு கீரை போட்டால் கீரைக் கடைசல். கத்தரிக்காய், பீர்க்கங்காய், புளிச்சக்கீரை, முந்தின இரவு ஊறவைத்த கொள்ளு, எதைப் போட்டாலும் இதே வேலைதான். மத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மிக்ஸியில் அடிக்காதீர்கள், பசைபோல ஆகிவிடும் (இது அறிவியல் அல்ல, என் பிடிவாதம்). பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி மலிந்து கிடக்கிற நாளில் ஊரிலிருந்து வரும்போது ஒரு கூடை ஏற்றிக்கொண்டு வந்தால் வாரம் ஓடிவிடும். கேழ்வரகும் ஊரில் கிடைக்கும். 2023இலிருந்து தருமபுரி மாவட்ட ரேஷனில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு வந்தது, அம்மாவின் கார்டு பாலக்கோட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் நீங்கள் விடியற்காலை திரும்பி வந்து சாப்பிடுவதற்கும் இதே கடைசலில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும், பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகாது.

அப்பா விஷயத்தில் எழுத்தில் என்னால் ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. அவர் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர் என்றால் பி12 வைட்டமின் குறைய வாய்ப்புண்டு. சைவத்தில் அது பால், தயிர், மோரில்தான் கிடைக்கும். கால் மதமதப்பு, மரத்துப்போதல் இருந்தால் அதை ஒரு முறை பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அதோடு, நான் மேலே பருப்பையும் கொள்ளையும் கூட்டச் சொன்னேன் அல்லவா, அது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. சர்க்கரை இருப்பவருக்கு அந்த அளவை நான் பாராமல் சொல்ல மாட்டேன். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) என்ன என்று பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் பருப்பு எவ்வளவு, கீரையை வேகவைத்து நீரை வடிக்க வேண்டுமா என்பதையெல்லாம் அவரை நேரில் பார்க்கிற உணவியலாளர்தான் சொல்ல வேண்டும். அதுவரை அப்பாவுக்கு மட்டும் பருப்பின் அளவை இப்போது இருப்பதுபோலவே விட்டுவிட்டு, எண்ணெயையும் உப்பையும் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள்.